தரை கேட்ட சுருதி

வாங்க தம்பி, வாங்க. படி செங்குத்தா இருக்கும், பாத்து ஏறுங்க. செல்லோவை முன்னால நீட்டுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன். படியில மஞ்சளா தூள் கிடக்கும், மிதிச்சு வழுக்கிராதீங்க. அது ஒண்ணுமில்ல, ரோசின். வில்லுல தேய்க்கோம்லா, அந்தத் தூள்தான். எத்தனை தடவை பெருக்குனாலும் மறுநாள் வந்துரும்.

உக்காருங்க. இல்ல இல்ல, அங்க இல்ல. வாரவங்க எல்லாரும் ஏன்தான் இந்தச் சுவரு பக்கமே போய் ஒதுங்குதாங்கன்னு தெரியல. சுவரோரம் என் இடம். முதல் வயலின் ஓரமா நின்னாத்தான் எல்லாரையும் பாக்க முடியும். நடுவுல ஒத்த நாற்காலி போட்டிருக்கேன் பாருங்க, அதுதான் செல்லோவுக்கு. அதுக்கு அடியில பெரிய உத்தரம் ஒண்ணு ஓடுது. அது மேல உக்காந்தாத்தான் உங்க வாத்தியத்துக்கு உண்டான மரியாதை கிடைக்கும்.

கீழ கடகடன்னு கேக்குதுல்லா, அது தையல் கிளாஸ். பொம்பளைப் பிள்ளைங்க பகல் பூரா மிஷின் ஓட்டும். இந்தச் சத்தத்துல எப்படி டீச்சர் வாசிக்கீங்கன்னு கேப்பாவ. எனக்கு இடைஞ்சலே இல்ல. மிஷின் ஓட ஓட இந்தப் பலகைக்குப் பழக்கம் வருது. புது வயலினை வாங்குனா வாசிச்சு வாசிச்சுத்தான பழக்குதோம்? அது மாதிரிதான்.

உங்களுக்கு சினிமா வாசிப்புன்னு சொன்னாவ. தப்பில்ல. ஆனா இது வேற சோலி. முந்நூறு வருசத்துக்கு முன்னால ஐரோப்பாவுல எப்படி வாசிச்சாங்களோ அப்படியே வாசிக்கணும்னு நாங்க ஏழு பேரு சேந்து ஆரம்பிச்ச குழு. பரோக் பாட்டு, அதுக்கு அடுத்து வந்த கிளாசிக்கல் பாட்டு, அவ்வளவுதான். அதுக்கு இங்கால வந்த எதையும் தொடமாட்டோம். கம்பி எல்லாம் இரும்பு கிடையாது, ஆட்டுக் குடல்ல திரிச்ச நரம்பு. சுருதி, இப்பம் உலகம் வாசிக்கிறதை விட அரைக் கட்டை கீழ. உங்க செல்லோவுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்க அந்த இரும்பு முள்ளைக் கழட்டிருங்க. அந்தக் காலத்துல அதெல்லாம் கிடையாது. கெண்டைக்கால் ரெண்டுக்கும் நடுவுல இடுக்கிக்கிடணும். முதல்ல வலிக்கும். ஆனா வாத்தியம் என்ன நினைக்குதுன்னு உங்க காலுக்கே தெரியும்.

முன்னால நின்னு குச்சி ஆட்டுதவர் எல்லாம் எங்கள்ல கிடையாது. நான் மூச்சு இழுப்பேன். அந்த மூச்சைக் கேட்டு எல்லாரும் ஒண்ணா ஆரம்பிக்கணும். அதுக்கு நம்பிக்கை வேணும் தம்பி. நம்பிக்கை இல்லாதவ ஒருத்தி உள்ள இருந்தாலே குழு கெட்டுப்போகும்.

ஹெப்சிபாவைத்தான் சொல்லுதேன். உங்களுக்கு முன்னால இங்க செல்லோ வாசிச்சவ. சென்னைக்குத் திரும்பிப் போய் என்னைப் பத்தி என்னல்லாம் சொல்லியிருக்காளோ. நீங்க கேட்டிருப்பீங்க. கேட்டீங்களா, இல்லையா? சும்மா தலையை ஆட்டுதீங்க. சரி, என் வாயாலயும் கேட்டுக்கிடுங்க. அப்புறம் வாசிப்போம்.

நல்லா வாசிப்பா. அதை நான் மறைக்கமாட்டேன். சினிமாவுக்கு வாசிச்சுக்கிட்டு இருந்தவ, எங்க ஊரு மாப்பிள்ளையைக் கட்டிக்கிட்டு இங்க வந்தா. மாப்பிள்ளை கப்பல்ல வேலை, வருசத்துல பாதி வீட்டுல இருக்கமாட்டாரு. ஒத்தையில இருக்காளேன்னு நான்தான் கூப்பிட்டேன். வந்த புதுசுல டீச்சர் டீச்சர்னு என் பின்னாலயே சுத்துனவதான்.

மத்தவங்களைச் சொல்லிருதேன். ஹார்ப்சிகார்டு இன்பராஜ் சாரு. பாக்க பியானோ மாதிரி இருக்கும், ஆனா உள்ள சுத்தியல் அடிக்காது, சின்ன முள்ளு கம்பியை மீட்டும். ஜெர்மனிக்குத் திரும்பிப் போன ஒரு மிஷனரி அம்மா எங்க கோயிலுக்குக் குடுத்துட்டுப் போனது. அப்புறம் பேஸ், நிக்கவச்சு வாசிக்கிற பெரிய வாத்தியம், அது ஆசீர் அண்ணன். மத்த மூணு பேரும் வாசிச்சாங்க, போனாங்க, அவங்களைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல.

ஆசீர் அண்ணன் தபாலாபீஸ்ல இருந்து ஓய்வு ஆனவரு. ஆறடி ஆளு, குரல் பூனை மாதிரி. ஒத்திகைக்கு நேரமாச்சுன்னா சைக்கிளை என் வீட்டு வாசல்ல நிறுத்திட்டு, வயலின் பெட்டியை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு முன்னால நடப்பாரு. நான் பின்னால போவேன். எத்தனையோ வருசமா அவ்வளவுதான். நானும் கல்யாணம் பண்ணிக்கிடல, அவரும் பண்ணிக்கிடல. ஊரு இதையும் அதையும் முடிச்சுப் போட்டு என்னமும் பேசும். சவத்த விடுங்க.

முதல்ல பள்ளிக்கூட ஹால்லதான் வாசிச்சோம். கான்கிரீட்டு. சுரம் வில்லை விட்டு இறங்குன உடனே செத்து விழுந்துரும். மேல ஃபேனு வேற, குடல் கம்பிக்குக் காத்தே ஆகாது. அப்பந்தான் எங்க கோயில் பிரதிஷ்டை பண்டிகை வந்துச்சு. நூத்தம்பதாவது வருசம். கோயில்லயே ஒரு கச்சேரி வைங்க டீச்சர்னு ஐயரு சொன்னாரு. பாஸ்டரைத்தான் எங்க பக்கம் ஐயருன்னு சொல்லுவோம். கோயிலுக்குள்ள வாசல் பக்கமா மேல ஒரு கேலரி உண்டு. வெள்ளைக்காரன் காலத்துல பாட்டுக்காரங்க நிக்கிறதுக்குக் கட்டுனது. முழுக்க மரம். அதைப் பூட்டி எத்தனையோ காலம். திறந்து குடுங்க ஐயரேன்னு கேட்டு வாங்குனேன்.

முதல் நாள் மேல ஏறி உக்காந்தோம். ஹெப்சி கம்பி சரி பண்ணிக்கிட்டு இருந்தா. தடிக் கம்பியில நாலாவது விரலை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா பாருங்க, தரை திருப்பிப் பாடிச்சு தம்பி! காலுக்கு அடியில இருந்து, ஊம்ம்ம்னு. அவ வில்லை எடுத்த பொறகும் அது நிக்கல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. ஆசீர் அண்ணன் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. எங்களுக்கு எட்டாவது ஆளு வந்துட்டாரு டீச்சருன்னாரு.

மத்த விரல்ல வச்சா ஒண்ணுமில்ல. நாலாவது விரலுக்கு மட்டுந்தான் பேசும். ஒரு மரத்துக்கு ஒரு சுரந்தான் பிடிக்கும், அது இயற்கை.

அப்புறம் மழை பிடிச்சுக்கிட்டு. கோயில் பூரா ஈரம். ரெண்டு மூணு ஞாயிறு கழிச்சு ஹெப்சி வில்லை நிறுத்திட்டுச் சொன்னா:

“டீச்சர், போன தடவை நாலாவது விரல்ல கேட்டுச்சு. இப்ப மூணாவது விரல்ல கேக்குது.”

“அதுக்கென்ன?”

“தரையோட சுரம் இறங்குது டீச்சர்.”

எனக்கு முதல்ல விளங்கல. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். பண்டிகைக்கு நாங்க வச்சிருந்த பெரிய பாட்டு இருக்குல்லா, அதோட ஆதார சுரம் அவளோட முதல் விரல்ல. தரை நாலுல இருந்து மூணுக்கு வந்திருக்கு. அப்படின்னா அது எங்களைத் தேடி வருது! நாங்க திரும்பத் திரும்ப ஒரே சுரத்துல வந்து முடிக்கோம், மரம் அதைப் படிச்சுக்கிடுது. இதைச் சொன்னேன். எல்லாருக்கும் அப்படி ஒரு சந்தோசம். ஹெப்சி மட்டும் குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டே இருந்தா. பயந்த சுபாவம்.

கோயில் பெருக்குத அம்மா வந்து, கேலரிக்குக் கீழ இருக்க பெஞ்சுல எல்லாம் மஞ்சத் தூளா விழுது, தினமும் துடைச்சு மாளலன்னு சொன்னா. எம்மா, அது நாங்க வில்லுல தேய்க்கிற ரோசின், பலகைச் சந்து வழியா விழுது, கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லி அனுப்புனேன். ஹெப்சி கீழ போய் அந்தத் தூளை விரல்ல தொட்டுப் பாத்துட்டு வந்தா. “பிசுபிசுன்னு ஒட்டலையே டீச்சர், மாவு மாதிரி இருக்கு”ன்னா. மழைக்காலத்துல ரோசின் எப்படி இருக்கும்னு இவ எனக்குச் சொல்லிக் குடுக்கா.

ரெண்டாவது விரலுக்கு வந்த அன்னைக்குத்தான் வாயை விட்டா. எல்லாரும் கிளம்பிக்கிட்டு இருக்கோம். பேஸை உறைக்குள்ள போட்டுக்கிட்டு இருந்தாரு ஆசீர் அண்ணன்.

“டீச்சர், ஒரு கம்பியோட சுருதி தானா இறங்கினா, கம்பி தளர்ந்துபோச்சுன்னு சொல்லுவோம்ல?”

“ஆமா.”

“தரையோட சுருதி இறங்கினா என்ன சொல்லுவோம்?”

நான் சிரிச்சுட்டேன். சிரிக்காம என்ன செய்ய? தரை என்ன கம்பியா, முறுக்கி வைக்கிறதுக்கு? ஏட்டி, உனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்குன்னு கேட்டேன். அவ சிரிக்கல. ஆசீர் அண்ணன் பக்கம் திரும்பி, “அண்ணே, நீங்க நின்னுக்கிட்டு வாசிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியலையா? உங்க காலுக்கு ஒண்ணும் தெரியலையா?”ன்னு கேட்டா.

அவரு உறையோட ஜிப்பை மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், “தெரியத்தான் செய்யுது. கொஞ்சம் தொட்டில் மாதிரி ஆடுது”ன்னாரு. சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. “ஆனா என் காலை விட டீச்சர் காதை நான் நம்புதேன்ம்மா.”

இதுதான் தம்பி நம்பிக்கைங்கிறது. இதைத்தான் நான் முதல்ல சொன்னேன்.

ஹெப்சி அதோட விடல. எனக்குத் தெரியாம ஐயருகிட்ட போயிருக்கா. ஐயரு நல்ல மனுசன், ஆனா யார் வந்து எதைச் சொன்னாலும் சரிம்பாரு. ஆசாரியை வரச்சொல்லி, கேலரிக்கு நடுவுல கீழ இருந்து ஒரு முட்டுக் குடுத்துட்டாரு. பனைமரத்துண்டு. அடுத்த ஒத்திகைக்குப் போறேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அதை நட்டு வச்சிருக்காங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு மேல ஏறி வில்லைப் போட்டோம். தம்பி, தரை ஊமையாயிருச்சு. நாலாவது விரல் இல்ல, மூணு இல்ல, ரெண்டு இல்ல. செத்த கட்டை. பழையபடி பள்ளிக்கூட ஹாலு.

எனக்கு அழுகை வந்துட்டு. உண்மையாவே அழுதேன். அவ்வளவு பக்கத்துல வந்த ஒண்ணைக் கழுத்தைப் பிடிச்சு நெறிச்ச மாதிரி இருந்துச்சு. ஒத்திகையைப் பாதியில விட்டுட்டு ஐயரு வீட்டுக்கு நேரா போனேன். அம்பது வருசமா இந்தக் கோயில்ல எந்தப் பாட்டுல எந்தச் சுரம் பிசகுனாலும் கண்டுபிடிக்கிற காது இது ஐயரே, மரம் பிசகுனா எனக்குக் கேக்காதா, அது நல்லா இருக்கறதுனாலதான் பாடுதுன்னு சொன்னேன். ஐயரு தாடையைத் தடவுனாரு. டீச்சர் காதுக்குத் தெரியாததான்னாரு. அவ்வளவுதான்.

ஆசாரி ஊர்ல இல்ல. ஆசீர் அண்ணன்கிட்ட சொன்னேன். அவரே கடப்பாறையைக் கொண்டாந்து அந்த முட்டைத் தட்டி எடுத்துட்டாரு. எடுக்கும்போது மேல இருந்து ஒரு முனகல் சத்தம் வந்துச்சு. அவரு கை ஒரு நொடி நின்னுச்சு. என்னை நிமிந்து பாத்தாரு. எடுங்கண்ணே, அது மூச்சு விடுதுன்னேன். எடுத்துட்டாரு.

என்ன தம்பி, காலை மாத்தி மாத்தி வைக்கீங்க? அந்தப் பலகை கொஞ்சம் இறங்கி ஏறும், வேற ஒண்ணுமில்ல. பாதத்தை நல்லா அழுத்தி வையுங்க.

அதுக்கடுத்த ஒத்திகை இருக்கே, அதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். தரை முதல் விரலுக்கு வந்துருச்சு. பெரிய பாட்டை எடுத்தோம். ஒவ்வொரு தடவை ஆதார சுரத்துல வந்து நிக்கும்போதும், கோயில் பூராவும் சேந்து வாசிக்குது. சன்னல் கண்ணாடி அதுருது. ஏழு பேரு இல்ல, எழுபது பேரு. இன்பராஜ் சாரு வாசிக்கிறதை விட்டுட்டுக் கண்ணைத் துடைக்காரு. நான் கேட்டு வளந்த கேசட்டுல எல்லாம், ஐரோப்பா கோயில்கள்ல வாசிச்ச கேசட்டு, இப்படித்தான் கேக்கும். நம்ம ஊருல நமக்கு இது வாய்க்காதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வாய்ச்சுட்டு.

பண்டிகை நெருங்க நெருங்க அது அந்த சுரத்துலயும் நிக்கல. இன்னும் கொஞ்சம் கீழ வழுக்கிட்டு. இன்பராஜ் சாரு உதட்டைப் பிதுக்குனாரு. நான் பதறல. பழைய காலத்துல ஒவ்வொரு ஊரு கோயிலுக்கும் ஒரு சுருதி உண்டு தம்பி. அந்த ஊருக்குப் போனா வாசிக்கிறவந்தான் தன் கம்பியைக் கோயிலுக்குத் தக்கன மாத்திக்கிடணும். கோயில் உனக்காக மாறாது. அதைச் சொல்லி, எல்லாரும் கம்பியை இறக்குங்கன்னு சொன்னேன். இறக்குனோம். மறுநாள் அது இன்னும் கீழ போச்சு. மறுபடி இறக்குனோம். ஹார்ப்சிகார்டுல எத்தனை கம்பி, இன்பராஜ் சாரு ஒவ்வொண்ணா இறக்கிச் சலிச்சுட்டாரு. குடல் கம்பி தொளதொளன்னு ஆயிருச்சு. ஆனா சேந்துச்சே! இறக்குன உடனே தரை வந்து சேந்துக்கிட்டே!

ஹெப்சி மட்டும் இறக்கல. வில்லை மடியில வச்சுக்கிட்டு, “டீச்சர், நாம எதுக்கு அதுக்குப் பின்னாலயே இறங்கிப் போறோம்?”ன்னு கேட்டா. எதிர்த்துப் பேசினவகிட்ட என்ன பேச்சு?

பண்டிகை அன்னைக்குச் சாயங்காலம். கோயில் நிறைஞ்சு வழியுது. வெளியூருக்குப் போன பிள்ளைங்க எல்லாம் வந்திருக்கு, பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமா. நாங்க மேல ஏறுதோம். ஹெப்சி கீழயே நிக்கா. செல்லோவைச் சுவருல சாத்தி வச்சுட்டு நிக்கா.

“ஏறு ஹெப்சி.”

“நான் ஏறலை டீச்சர். நீங்களும் ஏறாதீங்க. கீழ, பீடத்துப் பக்கத்துல நாற்காலி போட்டு வாசிப்போம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

உண்மையாவே குனிஞ்சுட்டா. அத்தனை பேரு பாக்க. எனக்கு அவமானம்னா அவமானம். ஆசீர் அண்ணன் பேஸைத் தூக்கிக்கிட்டு படியில பாதியில நிக்காரு. அவரு கையைப் பிடிச்சு, “அண்ணே, நீங்களாவது”ங்கா. அவரு என்னைப் பாத்தாரு. வயலின் பெட்டியை நானே எடுத்துக்கிட்டு மேல ஏறுனேன். பின்னாலயே பேஸ் படியில இடிபடுத சத்தம் கேட்டுச்சு. அவருதான். திரும்பிப் பாக்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்ல.

அதுக்கப்புறம் அவ செஞ்சதைக் கேளுங்க. இதைத்தான் என்னால மன்னிக்கவே முடியல. கேலரிக்குக் கீழ பெஞ்சுல இருந்த பொம்பளைங்ககிட்ட எல்லாம் போய், மேல தேன்கூடு இருக்கு, வாசிச்சா கலைஞ்சு கொட்டிரும், முன்னால போயிருங்க முன்னால போயிருங்கன்னு விரட்டியிருக்கா. கோயிலுக்குள்ள நின்னு பொய்! தேன்கூடாம்! பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் முண்டியடிச்சு முன்னால போறாங்க. நான் மேல இருந்து பாக்கேன். எங்க கச்சேரிக்குக் கீழ பின் பெஞ்சு அத்தனையும் காலி. வாசிக்கிறவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்லா?

நான் என் இடத்துல நின்னேன். கல்படி முடியுற இடத்துல, சுவரோரம். மூச்சு இழுத்தேன். ஆரம்பிச்சோம்.

செல்லோ இல்லாம வாசிச்சது. அதனால ஆசீர் அண்ணன் ரெண்டு பேரு சத்தத்தை ஒருத்தரே குடுக்க வேண்டியதாப்போச்சு. முழு வில்லு, முழு பலம். சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கிட்டு. பெரிய பாட்டோட முடிவு. எல்லாரும் ஆதார சுரத்துல வந்து நிக்கோம். தரை வந்து சேந்துச்சு தம்பி. அப்படி ஒரு சுரம் நான் அதுக்கு முன்னால கேட்டதில்ல, இனி கேப்பேனான்னும் தெரியல. அடியில இருந்து, நெஞ்சுக்குள்ள, பல்லு வரைக்கும். ஆசீர் அண்ணன் என்னைப் பாத்தாரு. நான் தலையை ஆட்டுனேன். நல்லாருக்கு, விடாதீங்கன்னு.

அப்புறம் அவரு நின்ன இடத்துல ஆளைக் காணோம்.

தூசி. தூசின்னா தூசி, எதிர்ல இருக்க பீடம் தெரியல. ஹார்ப்சிகார்டு விழுந்தது மட்டும் எனக்குக் கேட்டுச்சு. அத்தனை கம்பியும் ஒண்ணா. மத்தவங்களுக்குக் கையி, காலு, இன்பராஜ் சாருக்குத் தோள்பட்டை. எனக்கு ஒண்ணுமில்ல. என் பலகை சுவரோட ஒட்டி நின்னுக்கிட்டு. வயலினுக்கு ஒரு கீறல் கிடையாது. கீழ பெஞ்சு எல்லாம் நொறுங்கிக் கிடந்துச்சு. அதுல யாரும் இல்லைன்னு எல்லாரும் ஹெப்சியைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. என்கிட்ட ஒருத்தர் வரல.

ஆசீர் அண்ணனை அந்த ஹார்ப்சிகார்டுக்கு அடியில இருந்துதான் எடுத்தாங்க. ஹெப்சி முதல்ல ஓடிப்போய் அவரு தலையை மடியில வச்சுக்கிட்டா. நான் படி இறங்கிப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

அதிகாரி ஒருத்தர் வந்து பாத்தாரு. உத்தரம் உள்ளுக்குள்ள பூரா உளுத்து மாவாயிருக்கு, மேல்தோல் மட்டுந்தான் மரம்னாரு. பெருசாக் கண்டுபிடிச்சுட்டாரு. உள்ள காலியா இருந்தாத்தான தம்பி சத்தம் வரும்? வயலினுக்குள்ள என்ன வச்சிருக்கு? உங்க செல்லோவுக்குள்ள என்ன வச்சிருக்கு? அன்னைக்குச் செல்லோ மட்டும் மேல அதோட இடத்துல இருந்திருந்தா, பாரம் சரியாப் பிரிஞ்சு, அந்தச் சுரம் நிறைஞ்சு நின்னிருக்கும். ஆளு குறைஞ்சதுதான் கோளாறு. இதை நான் ஐயருகிட்டயும் சொன்னேன். அவரு இப்பம் என்னைக் கண்டா அந்தப் பக்கத்துத் தெருவுல போறாரு.

சவத்த விடுங்க, அதெல்லாம் எனக்குப் பெருசில்ல. என் வெசனம் வேற. ஆசீர் அண்ணன் கடைசியா என்னமோ சொல்லியிருக்காரு. ஹெப்சி காதுல சொல்லியிருக்காரு. நான் வரும்போது அவரு உதடு அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எனக்குக் கேக்கல. எனக்கு! எந்தச் சத்தமும் தப்பாத காது. அடக்கம் முடிஞ்ச பொறகு அவ வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவரு என்னம்மா சொன்னாரு, என்னைப் பத்தியான்னு கேட்டேன். கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. “வேண்டாம் டீச்சர்”னா. அவ்வளவுதான். அப்புறம் சென்னைக்குப் போயிட்டா. போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கா. சொன்னா என்ன தம்பி? நாலு வார்த்தை. சாயங்காலம் ஆனா வாசல்ல சைக்கிள் மணி கேக்க மாதிரியே இருக்கு. எந்திரிச்சுப் போய்ப் பாக்கேன், ஒண்ணும் இல்ல. அந்த நாலு வார்த்தையை வச்சுக்கிட்டு அவ என்ன செய்யப் போறா? அதைக் கேட்டா என் மனசு ஆறிடும்லா. நீங்க சென்னையில அவளைப் பாத்தா கேட்டுச் சொல்லுங்க.

சரி, நான் பேசிக்கிட்டே இருக்கேன். வாத்தியத்தை எடுங்க. இந்த வீட்டை ஒரு நெல் வியாபாரி கட்டுனாரு. மேல்மாடி முழுக்க மரம். வாடகைக்குப் பாக்க வந்த அன்னைக்கே குதிகாலால ஒரு தட்டுத் தட்டினேன், தெரிஞ்சுபோச்சு. போன மாசம் மதுரையில இருந்து ஒரு பையன் வந்தான். தடிக் கம்பியில நாலாவது விரலை வச்சு இழுத்தான், தரை பேசிச்சு. முகத்தைக் கழுவிட்டு வாரேன்னு கீழ போனவன் அப்படியே பஸ் ஏறிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை கிடையாது.

நாலாவது விரலை வையுங்க. இழுங்க. நல்லா, முழு வில்லு.

ம்ஹூம். கேக்கல. மூணாவது வையுங்க. இல்ல. ரெண்டாவது? இல்லையே. இருங்க, இருங்க. முதல் விரல். மெதுவா.

ஆ.

கேட்டீங்களா? காலுக்கு அடியில வந்துச்சுல்லா? ஒரே மாசத்துல முதல் விரலுக்கு வந்துட்டு! கோயில்ல இதுக்கு ஒரு மழைக்காலம் பூரா ஆச்சு. மிஷின் சத்தம் பழக்கியிருக்கு, நான் சொன்னேன்லா.

அட, கீழ மிஷின் எல்லாம் நின்னுபோச்சே. ஒண்ணுகூட ஓடல. பாத்தீங்களா, வேலையை விட்டுட்டு அண்ணாந்து நம்மளைத்தான் கேக்காளுவ.

எங்க எந்திரிக்கீங்க? உக்காருங்க தம்பி. இது இன்னும் ஒரு இழையளவு கீழ இருக்கு, அவ்வளவுதான். கம்பியை இறக்குங்க. இறக்குங்க, சொல்லுதேன்லா. உங்க காலு என்னமும் சொல்லும், அதைக் கேக்காதீங்க. என் காதை நம்புங்க.

இன்னும் கொஞ்சம். போதும். வில்லைக் கம்பியில வையுங்க.

நான் மூச்சு இழுக்கேன்.